வேலிக்கு வெளியே நின்ற கண்

எதிராளியின் திறமையை முன்கூட்டியே அறிந்துகொள்ள முயல்வது குற்றமாகுமா? ஆகாது என்பதே எவரும் உடனே கூறும் விடையாகும். ஒன்றும் அறியாமல் களத்தில் இறங்குபவனை அசட்டை மிக்கவன் என்போமேயன்றி அறவோன் என்று போற்றமாட்டோம். அங்ஙனமாயின், அவ்வறிவை எவ்வழியில் தேடலாம், எவ்வழியில் தேடலாகாது என்னும் கேள்வி எழுகின்றது. அண்மை ஆண்டுகளில் காற்பந்தாட்ட உலகில் நிகழ்ந்த இரண்டு சம்பவங்கள் இக்கேள்வியைப் பலர் முன்னும் வைத்தன. அவற்றைப் பற்றிப் படித்தபோது, நாம் பல்லாண்டுகளாக எவரிடமும் சொல்லாது வைத்திருந்த பழைய நினைவொன்று மேலெழுந்தது. பிறர் குற்றத்தை ஆராயப் புகுவோர் தம் குற்றத்தை மறைத்தல் முறையன்று. ஆகவே அதனையும் ஈண்டுக் கூறுவோம்.

இங்கிலாந்தின் இரண்டாம் படி லீக் பந்தயத்தில், 2019-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள் லீட்ஸ் யுனைட்டெட் கோஷ்டியும் டார்பி கௌன்டி கோஷ்டியும் மோதவிருந்தன. அதற்கு முதல் நாள், டார்பி கோஷ்டியார் பயிற்சி செய்யும் திடலின் வெளியே ஒருவர் ஐயத்திற்கிடமாக நிற்பதாகப் போலீசாருக்குத் தகவல் எட்டியது. போலீசார் வந்து விசாரித்தனர், கைது செய்யவில்லை. அவர் லீட்ஸ் கோஷ்டியின் பயிற்சியாளரான மார்செலோ பியெல்சா அனுப்பிய ஆள் என்பது விரைவில் வெளிப்பட்டது. அர்ஜென்டினா நாட்டினரான பியெல்சா உண்மையை மறுக்கவில்லை. டார்பியின் பயிற்சியாளராயிருந்த பிராங்க் லாம்பார்டிடம் தொலைபேசியில் பேசி, ஆளனுப்பியவர் தாமே என்று ஒப்புக்கொண்டார். பொறுப்பு முழுவதும் தம்முடையது, கழகத்தாரின் அனுமதியைக்கூடத் தாம் கேட்கவில்லை என்று வெளிப்படையாகவும் சொன்னார். ஆட்டத்தில் லீட்ஸ் 2-0 என்று வென்றது.

ஐந்து நாள் கழித்து, ஜனவரி 16-ஆம் நாள், பியெல்சா பத்திரிகையாளரை அழைத்து வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். அப்பருவத்தில் எதிர்த்தாடிய ஒவ்வொரு கோஷ்டியின் பயிற்சியையும் பார்த்துவர ஆளனுப்பியதாக, எவரும் வற்புறுத்தாமலே ஒப்புக்கொண்டார். அத்துடன் நில்லாது, தம் உதவியாளர்கள் சேர்த்து வைத்திருந்த ஆராய்ச்சிக் குறிப்புகளையும் திரையில் காட்டினார். முந்தைய பருவத்தில் டார்பி ஆடிய 51 ஆட்டங்களையும் அவர்கள் ஆராய்ந்திருந்தனர். ஓர் ஆட்டத்தை ஆராய 4 மணி நேரம் பிடிக்கும் என்றார். ஏறக்குறைய 200 மணி நேர உழைப்பு! அந்த ஆட்டங்கள் பல்லாயிரம் மக்கள் முன்னிலையில் நடந்தவை, எவரும் பார்க்கத்தக்கவை. அவற்றை ஆராய்வதில் கள்ளம் ஏதுமில்லை.

இவ்வளவு தெரிந்திருந்தும் வேலியோரத்துக்கு ஆளனுப்பியது ஏன்? அதற்கும் அவரே விடை கூறினார். அதனால் பெரும் பயன் விளைவதில்லையென்றும், செய்யாதுவிட்டால் கடமையில் குறைவைத்துவிட்டோமோ என்ற கவலை மனத்தை அரிக்கின்றதென்றும், அக்கவலையைத் தணிக்கவே செய்வதாகவும் சொன்னார். 2012-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு அரசர் கோப்பை இறுதியாட்டத்தில் அவர் பயிற்றுவித்த அத்லெட்டிக் பில்பாவோ கோஷ்டி பார்சலோனாவிடம் 3-0 என்று தோற்றதே, அதையும் நினைவூட்டினார். பார்சலோனாவைப் பற்றி அவர் அறியாதது ஒன்றுமில்லை. ஆயினும் தோல்வியே கிட்டியது. ஆகவே அந்த வேலியோரத்துக் கண் வெற்றியைக் கொணர்வதற்காக அன்று. ஒரு மனிதரின் அச்சத்தை ஆற்றுவதற்காகவே நின்றது.

லீக் நிர்வாகத்தார் விசாரணை நடத்தினர். பிறர் பயிற்சியைப் பார்க்கலாகாது என்று அப்போது தனி விதி ஏதும் இல்லை. ஆனால் கழகங்கள் ஒன்றுக்கொன்று முழு நல்லெண்ணத்துடன் நடந்துகொள்ளவேண்டும் என்ற பொது விதி ஒன்று இருந்தது. அதனை மீறியதற்காகப் பிப்ரவரி 18-ஆம் நாள் லீட்ஸ் கழகத்துக்கு 200,000 பவுன் அபராதம் விதித்தனர். அத்தொகையைப் பியெல்சா தம் சொந்தப் பணத்திலிருந்தே செலுத்தினார். ஆட்டத்துக்கு முந்தைய 72 மணி நேரத்தில் எதிர்க் கோஷ்டியின் பயிற்சியைப் பார்க்கலாகாது என்ற புதிய விதியும் பிறந்தது.

பியெல்சாவுக்காக வாதாடுவோர் பலர் உளர். அவர் பிறந்த நாட்டில் இது வழக்கந்தான் என்பர். ஜெர்மனியில் வெர்டர் பிரெமன் கோஷ்டியார் 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் ஹோபன்ஹைம் கோஷ்டியின் பயிற்சியின்மேல் டிரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு விமானத்தையே பறக்கவிட்டனர். ஹோபன்ஹைம் பயிற்சியாளரோ அதற்காகக் கோபங்கொள்ளவில்லை என்பர். வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர் எதைத் திருடினார்? பார்க்கப்பட்ட பொருள் பார்க்கப்பட்டவரிடமே இருக்கின்றதல்லவா என்றும் கேட்பர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் வாதமே. இதற்கு மறுமொழியை நாம் நூல்களில் தேடவேண்டுவதில்லை. நம் பழைய நினைவே போதும்.

நாம் பன்னிரண்டு வயதுச் சிறுவராய்த் தோட்டத்து லயத்தில் வாழ்ந்த காலம் அது. சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கிடையே ஆண்டுதோறும் ஒரு சுழற்கிண்ணப் பந்தயம் நடைபெறும். அவ்வாண்டு நம் தோட்டத்துக் கோஷ்டி இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது. எதிர்த்து நிற்பது அடுத்த தோட்டம். ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னர், கோஷ்டித் தலைவராயிருந்த அண்ணன் நம்மைத் தனியே அழைத்தார். "தம்பி, நீ சின்னப் பையன். உன்னை ஒருவரும் சந்தேகிக்கமாட்டார்கள். அவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்த்து வந்து சொல்" என்றார். பெரியவர்கள் நம்மை நம்பி ஒரு காரியத்தை ஒப்படைத்தார்களே என்ற பெருமையில் நமக்குத் தலைகால் தெரியவில்லை. மாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு சென்று, அவர்கள் திடலோரத்துப் பால்மரங்களுக்கிடையே பதுங்கிக்கொண்டோம்.

கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டு அரைமணி நேரம் பார்த்திருப்போம். பந்தொன்று மரங்களுக்குள் உருண்டு வந்தது. அதனை எடுக்க வந்தவர் அவர்களுடைய கோல்காவலர். நம்மைக் கண்டதும் அவர் சினங்கொள்ளவில்லை. "ஏன் தம்பி, மரத்துக்குப் பின்னால் நிற்கிறாய்? வந்து உட்கார்ந்து பார்" என்று கையைப் பற்றி அழைத்துச் சென்றார். ஆட்டக்காரர்களுக்கென்று வாளியில் வைத்திருந்த தேநீரில் ஒரு குவளை மொண்டு தந்தார். எந்தத் தோட்டத்துப் பிள்ளை என்றுகூடக் கேட்கவில்லை. அந்தத் தேநீரைக் குடித்துக்கொண்டே, அவர் இடப்பக்கம் பாயும்போதெல்லாம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுவதை நாம் கவனித்தோம். அன்றிரவே அண்ணனிடம் சொன்னோம்.

இறுதியாட்டத்தில் நம்மவர் உதைத்த பந்துகள் பெரும்பாலும் அவருடைய இடப்பக்கமே சென்றன. இரண்டு உள்ளே புகுந்தன. கிண்ணம் நமக்கு வந்தது. கோல் போட்டவர்களை லயமெங்கும் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். நம்மை ஒருவரும் தூக்கவில்லை. தூக்கவும் இயலாது, தூக்கினால் எதற்காக என்று சொல்லவேண்டுமே! ஆட்டம் முடிந்து எதிர்க் கோஷ்டியார் லாரியில் ஏறியபோது, அந்தக் கோல்காவலர் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தார். கூட்டத்தில் நம்மைக் கண்டுகொண்டு, சிரித்தபடியே கையசைத்தார். நாம் கையசைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

அன்று நாம் எதையும் திருடவில்லை என்று வாதிக்கலாம். உண்மையில், திடலுக்கு நேரே சென்று, "நான் அடுத்த தோட்டத்துப் பையன், உங்கள் ஆட்டத்தைப் பார்க்கலாமா?" என்று கேட்டிருந்தால் அவர் அப்போதும் உட்காரச் சொல்லியிருப்பார் என்றே நம்புகின்றோம். ஆனால் நம்மை இன்னாரென்று அறிந்திருந்தால், தம் முழங்காலைச் சற்றே மறைத்திருப்பார். மறைப்பதா, காட்டுவதா என்று தீர்மானிக்கும் உரிமை அவருடையது. அந்த உரிமையைத்தான் நாம் அவரறியாமல் எடுத்துக்கொண்டோம். பயிற்சித் திடலென்பது பிழை செய்து பழகும் இடம். பழுதுபட்ட காலைப் பரீட்சித்துப் பார்க்கும் இடம். பலர் முன்னிலையில் நடக்கும் ஆட்டத்தில் ஒருவன் தானே காட்டுவது வேறு. தனியே இருப்பதாக எண்ணி அவன் மறைக்காமல் விடுவது வேறு.

நம்மவரில் சிலர் இங்கே வள்ளுவரைத் துணைக்கழைக்கக்கூடும். திருக்குறளின் 59-ஆம் அதிகாரம் ஒற்றாடலைப் பற்றியதேயன்றோ? ஒற்றரையும் நீதி நூலையும் அரசனுக்கு இரு கண்களாக வள்ளுவர் வைத்தார் என்பது உண்மையே. வள்ளுவர் கூறினார் என்ற ஒரு காரணத்தாலேயே ஒன்றை ஆராயாமல் ஏற்பது பகுத்தறிவாகாது என்பது ஒருபுறமிருக்க, அவர் பேசியது நாட்டைக் காக்கும் அரசனைப் பற்றி. பகைவனின் சூழ்ச்சியை அறியாவிடின் குடிகள் மடிவர். காற்பந்தாட்டத்தில் எதிர்க் கோஷ்டி பகைவனன்று. அது வராவிட்டால் ஆட்டமே இல்லை. ஆகவே அது நம் கூட்டாளியே. அன்றியும், ஒற்றனுக்குப் பலரறியச் சிறப்புச் செய்யலாகாது என்று அதே அதிகாரத்தின் இறுதிக் குறள் எச்சரிக்கின்றது. பலரறியப் பாராட்ட முடியாத தொண்டுக்கு விளையாட்டில் என்ன இடம் இருக்கின்றது? பாராட்டுக்காகவே கிண்ணம் வைத்து ஆடும் இடமல்லவா அது?

பியெல்சாவிடம் நாம் மதிக்கத்தக்கதும் உண்டு. அனுப்பப்பட்டவர்மேல் பழியைப் போடாமல் தம் தலைமேல் ஏற்றார். அதே பருவத்தில், ஏப்ரல் 28-ஆம் நாள் ஆஸ்டன் வில்லாவுடன் ஆடுகையில், எதிர்க் கோஷ்டியாள் ஒருவர் அடிபட்டுக் கிடந்தபோது தம்மவர் கோல் போட்டுவிட்டனர் என்பதற்காக, வில்லாவைத் தடையின்றி ஒரு கோல் போடவிடும்படி கட்டளையிட்டார். அதற்காக அவ்வாண்டு அவருக்கும் அவர் கோஷ்டிக்கும் பீபாவின் நேர்மை விருது கிடைத்தது. நேர்மையாளரும் அச்சத்தின் வசப்பட்டால் வழி தவறுவர் என்பதற்கு இவரே சான்று. எல்லாப் பயிற்சியாளரும் இவரைப்போல் முன்வந்து பழியேற்பதும் இல்லை.

2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களின்போது நடந்ததைப் பார்ப்போம். பிரான்ஸின் செந்த் எத்தியேன் நகரில் நியூசிலாந்துப் பெண்கள் கோஷ்டி பயிற்சி செய்துகொண்டிருந்தது. அதற்கு மேலே, ஜூலை 22-ஆம் நாள், கனடா கோஷ்டியைச் சேர்ந்த ஒருவர் டிரோனைப் பறக்கவிட்டுப் பிடிபட்டார். முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவரும், துணைப் பயிற்சியாளர் ஒருவருமே. தலைமைப் பயிற்சியாளர் பெவ் பிரீஸ்ட்மன் பின்னரே நீக்கப்பட்டார். பீபா மூவருக்கும் ஓராண்டுத் தடையும், கனடாச் சங்கத்துக்கு 200,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதித்து, கோஷ்டியின் 6 புள்ளிகளையும் வெட்டியது. ஆட்டக்காரப் பெண்கள் தங்கள் பிரிவின் மூன்று ஆட்டங்களிலும் வென்று, 9 புள்ளிகளில் 3 மட்டுமே மிஞ்ச அடுத்த சுற்றுக்குச் சென்றனர். வேவு பார்த்தவர் வேறு; வியர்வை சிந்தித் தண்டம் கட்டியவர் வேறு.

அவ்வாண்டு நவம்பரில் வெளியான சுயேச்சை விசாரணையின் முடிவு நம்மை இன்னும் வருத்தியது. இவ்வேவு வழக்கம் பாரிசுக்கு முன்பே இருந்ததென்றும், அது பிடிக்காத உதவியாளர்கள் தலைமையை எதிர்த்துப் பேச முடியாதவர்களாய் இருந்தனரென்றும் அவ்வறிக்கை கூறிற்று. இதனைப் படித்தபோது, "உன்னை ஒருவரும் சந்தேகிக்கமாட்டார்கள்" என்ற அந்த அண்ணனின் குரல் நம் காதில் விழுந்தது. மேலே இருப்பவர் வேலியருகே தாமே போவதில்லை. சம்பளத்துக்கு அஞ்சுபவரையோ, மெச்சுதலுக்கு ஏங்கும் சிறுவனையோதான் அனுப்புகிறார்.

இது தொழில், இதில் பல குடும்பங்களின் சம்பளம் அடங்கியிருக்கின்றது என்று சொல்வோர்க்கும் இதுவே நம் மறுமொழி. பிழைப்பு அடங்கியிருப்பதனால்தான், கீழே வேலை செய்பவரை வேண்டாத காரியத்துக்கு ஏவலாகாது. 72 மணி நேரம் என்று எழுதிய விதி நன்று. ஆனால் 73-ஆம் மணியில் பதுங்குவது நேர்மையென்று அதற்குப் பொருளில்லை. நம் தோட்டங்களிலும் நகரங்களிலும் இளைஞர் கழகங்களை நடத்தும் அன்பர்கள் ஒன்றை மட்டும் எண்ணிப் பார்ப்பார்களாக. எதிர்க் கோஷ்டியைப் பார்த்துவர ஆள் அனுப்புமுன், நாமே வாயில் வழியே சென்று, நம் பெயரைச் சொல்லி, அனுமதி கேட்டுப் பார்க்க முடியுமா? முடியுமாயின் தாராளமாகப் போகலாம். முடியாதாயின், நாம் செய்யக் கூசுவதைச் செய்ய ஒரு பையனை அனுப்பாதிருப்போமாக. அவன் அங்கே தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வரக்கூடும்.