கூடும் குறியும்

இது இன்னாருடையது என்று காட்டுவதற்கு மக்கள் கையாண்ட வழிகள் பல. கீழடியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' முதலிய பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. சோழ மன்னர் வழங்கிய செப்பேடுகளின் வளையத்தில், அமர்ந்த புலியும் இரு கயலும் வில்லும் பொறித்த முத்திரை விளங்குகின்றது. இசைவாணருள் முத்துசாமி தீட்சிதர் தம் கீர்த்தனைகளில் 'குருகுக' என்னும் சொல்லைப் பதித்து வைத்தார். பாடக் கேட்டவர் அச்சொல் வந்தவுடன் இயற்றியவர் யார் என்பதை உணர்ந்துகொள்வர். எனினும், இவற்றையெல்லாம்விட எனக்கு மிகுதியும் வியப்புத் தருவது சலவைக் குறியே ஆகும். ஊரார் துணியெல்லாம் ஒரே துறையில் வெளுக்கப்படும். ஒரே கொடியில் உலரும். ஆயினும், அவரவர் துணி அவரவர் வீடு வந்து சேரும். சேங்கொட்டையின் சாற்றால் துணியின் ஓரத்தில் இட்ட இரண்டு புள்ளியோ ஒரு கோடோ அத்தனை வேலையையும் செய்துவிடும். எத்தனை முறை வெளுத்தாலும் அக்குறி போவதில்லை. அதில் பெயர் இல்லை, பெருமை இல்லை, இன்ன வீட்டுத் துணி என்னும் செய்தி மட்டுமே உண்டு.

இணையத்தில் எழுதுவோர் தம் பெயருக்கு அருகில் இட்டுக்கொள்ளும் சிறு படமும் இவ்வினத்தைச் சார்ந்ததே. ஆங்கிலத்தில் அதனை 'அவதார்' என்று வழங்குகின்றனர். அவதாரம் என்னும் வடசொல்லே அங்ஙனம் திரிந்தது. இறங்கி வருதல் என்பது அதன் பொருள். 1985ஆம் ஆண்டில் வெளிவந்த 'அல்டிமா நான்கு' என்னும் கணினி விளையாட்டில் அச்சொல் ஆளப்பட்டது. அதனை அடுத்து, லூக்காஸ்ஃபிலிம் நிறுவனத்தார் அமைத்த 'ஹாபிடாட்' என்னும் விளையாட்டில், கணினி வழியே பலர் கூடும் உலகில் ஒவ்வொருவர்க்கும் உரிய உருவத்தை அப்பெயரால் அழைத்தனர். 1992இல் நீல் ஸ்டீபன்சன் எழுதிய 'ஸ்னோ கிராஷ்' என்னும் புதினம் அச்சொல்லைப் பலரும் அறியச் செய்தது. திருமாலின் பத்து அவதாரங்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு, விரல்நகம் அளவே உள்ள ஒரு படத்தை அவதாரம் என்பது சிறிது நகைப்பையே விளைக்கும். நான் அதனைக் குறி என்றே சொல்லி வருகிறேன்.

என் குறி தூக்கணாங்குருவிக் கூடு. என் தங்கையின் மகள் ஆறாம் வகுப்பில் படித்த காலத்தில், எங்கள் ஊர்க் கிணற்றின்மேல் சாய்ந்திருந்த ஈச்சமரத்தில் தொங்கிய கூட்டைப் பார்த்துக் கறுப்பு மையால் வரைந்தது அது. குழல் போன்ற வாயில் ஒருபுறம் கோணியிருக்கும். உள்ளே நுழையும் குருவியின் வால் மட்டும் வெளியே தெரியும். "மாமா, குருவியின் தலை எனக்கு வரைய வரவில்லை, அதனால் அதனை உள்ளே அனுப்பிவிட்டேன்" என்றாள் அவள். அந்தப் படத்தைப் பன்னிரண்டு ஆண்டுகளாக நான் மாற்றவில்லை. வட்டாரச் சொற்களை ஆராய்வோர் கூடும் இடத்திலும், பறவைகளைப் பற்றி உரையாடுவோர் நடுவிலும், பழைய உழவுக் கருவிகளின் பெயர்களைத் தொகுப்போரிடத்தும் என் பெயருக்கு அருகில் அக்கூடே தொங்குகின்றது.

இவ்வாறு ஒரே படத்தைப் பல இடங்களிலும் தோன்றச் செய்வதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. 2004ஆம் ஆண்டில் டாம் பிரஸ்டன்-வெர்னர் என்பவர் 'கிராவதார்' என்னும் அமைப்பை உண்டாக்கினார்; 2007இல் ஆட்டோமாட்டிக் நிறுவனத்தார் அதனை வாங்கிக்கொண்டனர். ஒருவர் தம் மின்னஞ்சல் முகவரியோடு ஒரு படத்தை அங்கே ஒருமுறை பதிந்து வைத்தால் போதும். வேறோர் இடத்தில் அவர் அம்முகவரியைக் கொடுத்து எழுதும்போது, அவ்விடத்தார் முகவரியைக் கணக்கு முறை ஒன்றால் பொருளற்ற எழுத்தும் எண்ணும் கலந்த சரமாக மாற்றி, அதனைக் காட்டிப் படத்தைப் பெறுவர். பல்லாண்டுகள் வழக்கில் இருந்த முறையில் அச்சரம் 32 எழுத்துகள் கொண்டது. படம் பதியாதவர்க்குச் சாம்பல் நிறத்தில் தலையும் தோளும் மட்டும் அமைந்த ஒரு நிழலுருவம் கிடைக்கும்.

இதனால் விளையும் நன்மை சிறிதன்று. பறவைகளைப் பற்றி உரையாடும் இடத்தில் ஒரு நாள் செண்பகத்தின் குரலைக் குறித்து ஓர் ஐயம் கேட்டேன். விடை கூற வந்தவர், "கமலையின் உறுப்புகளை ஆராய்ந்தபோது சால், தும்பி, வடம், வால்கயிறு என்று விளக்கி எழுதிய கூட்டுக்காரர் தாங்கள்தாமே?" என்று வினவினார். ஓரிடத்தில் நான் பெற்ற நன்மதிப்பு, நான் அழைக்காமலே என்னைத் தொடர்ந்து மற்றோர் இடத்திற்கு வந்திருந்தது. அங்ஙனமே, ஓரிடத்தில் கடுஞ்சொல் கூறினால் அதுவும் தொடர்ந்து வரும் அன்றோ? சினம் மிகுந்த பொழுதுகளில் நான் எழுதிய வரிகளை அனுப்பாமல் அழித்ததுண்டு. அக்கூட்டின் அருகில் அவ்வரிகள் நன்றாக இல்லை என்பதே காரணம்.

ஆனால், மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொரு செய்தி நிகழ்ந்தது. யாரோ ஒருவர் என் பெயரையும் கூட்டையும் எடுத்துக்கொண்டு, நான் ஒருநாளும் புகாத ஓரிடத்தில், முதிய பேராசிரியர் ஒருவரை இழித்து எழுதினார். அப்பேராசிரியர் என் நெடுநாளைய நண்பர். அவர் என் மடல்களுக்கு விடை எழுதுவதை நிறுத்திவிட்டார். காரணம் அறியாமல் பதினைந்து நாள் வருந்தினேன். பின்னர்ப் பிறர் சொல்ல உண்மை தெரிந்தது. அவ்விடத்தை நடத்துவோர்க்கு உடனே எழுதினேன். அவர்கள் ஒரு மாதம் கழித்து, அது என் முகம் என்பதற்குச் சான்று அனுப்புமாறு பணித்தனர். குருவிக் கூட்டுக்கு முகச்சான்று எந்த அலுவலகத்தில் வாங்குவது?

இத்துன்பம் இன்று தோன்றியதன்று. செருமனி நாட்டு நூரம்பர்க் நகரில் வாழ்ந்த ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் (1471–1528), தம் பெயரின் முதலெழுத்துகளாகிய 'ஏ', 'டி' என்னும் இரண்டையும் இணைத்து ஒரு குறி அமைத்துத் தம் படங்களில் பொறித்தார். இத்தாலியரான மார்க்கந்தோனியோ ரைமொந்தி என்பவர் அப்படங்களைக் குறியோடு சேர்த்துச் செதுக்கி விற்றார். டியூரர் வெனிசு நகர ஆட்சியாரிடம் முறையிட்டார் என்றும், குறியை இடலாகாது என்னும் அளவுக்கே அவருக்கு நீதி கிடைத்தது என்றும் வசாரி என்னும் இத்தாலிய ஆசிரியர் எழுதியுள்ளார். படத்தை எடுத்தது குற்றமாகக் கொள்ளப்படவில்லை. குறியை எடுத்ததே குற்றமாயிற்று. இது பொருந்தாத் தீர்ப்பு என்று கருதுவாரும் உளர். பெயர் கெட்ட பின்னர், அத்தீர்ப்பில் உள்ள நியாயம் எனக்கு விளங்கியது.

என் வழக்கைத் தீர்த்தவர் அப்பேராசிரியரே. ஒரு நாள் காலையில் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, அந்த வசையை மீண்டும் ஒருமுறை படித்தேன். பத்து வரியில் நான்கு இடத்தில், உயிரெழுத்துக்கு முன்னே 'ஓர்' வரவேண்டிய இடத்தில் 'ஒரு' வந்திருக்கின்றது. இத்தனை ஆண்டில் தாங்கள் அவ்வாறு எழுதி நான் கண்டதில்லை. தங்களை ஐயுற்றதைப் பொறுத்தருளுங்கள்" என்றார். பள்ளியில் எனக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியரை அன்று நன்றியோடு நினைத்துக்கொண்டேன். நாங்கள் இருவரும் இப்போது முன்போலவே எழுதிக்கொள்கின்றோம். ஆயினும், அவ்வசையைப் படித்தோர் எல்லாரும் 'ஒரு'வும் 'ஓர்' என்பதும் பார்த்துப் படிப்பவர் அல்லர். அவர்களுள் எத்தனை பேர் அதனை இன்றும் என் சொல்லாகவே கொண்டிருக்கின்றனரோ!

இதனைக் கேட்ட நண்பர் சிலர், "எல்லாரும் தம் உண்மையான முகத்தையே காட்ட வேண்டும் என்று விதி செய்தால் இத்தொல்லை இராதே" என்றனர். அவர்கள் கருத்தை நான் ஒப்பவில்லை. தான் வேலை செய்யும் இடத்தில் நிகழும் முறைகேட்டைச் சொல்ல விரும்பும் பெண் ஒருத்தி, தன் முகத்தைக் காட்டினால் மறுநாள் வேலை இராது. அவள் அகல்விளக்கின் படம் ஒன்றை வைத்துக்கொண்டு, அதே விளக்கின் கீழ் ஆண்டுக்கணக்காக உண்மையை எழுதி வருவாளாயின், அவ்விளக்கே அவள் முகம். நாளைக்கு ஒரு முகமூடியை மாற்றிக்கொண்டு, நேற்றுச் சொன்னதற்கு இன்று பொறுப்பில்லை என்பாரை அவளோடு ஒன்றாக வைத்து எண்ணுவது முறையன்று.

மேலும், ஒரே குறியை எங்கும் கொண்டு செல்வதில் ஓர் இடரும் உண்டு. முன்னே சொன்ன 32 எழுத்துச் சரம் எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருக்கும். ஆகவே, கணினியில் தேர்ந்த ஒருவர், ஒருவருடைய எழுத்துகளைப் பல இடங்களிலிருந்தும் திரட்டி ஒன்றாகக் கோத்துவிடலாம். முகவரி எளிதில் ஊகிக்கக் கூடியதாயின், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து அதனையும் கண்டுபிடித்துவிடலாம்.

என் தமையனார் நோயுற்றிருந்தபோது, அந்நோய் உற்றாரின் சுற்றத்தார் தம்முள் ஐயங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஓரிடத்தில் சேர்ந்தேன். அதற்கெனப் புதிய முகவரி ஒன்றை அமைத்துக்கொண்டேன். கூட்டை அங்கே கொண்டு செல்லவில்லை. நோய் அவருடையது, அதனை ஊருக்குச் சொல்வதும் சொல்லாது விடுவதும் அவர் விருப்பம். என் தங்கை மகள் இதனை அறிந்து, "அங்கே மட்டும் ஏன் மாமா என் படம் இல்லை?" என்று கேட்டாள். காரணம் சொன்னதும் அமைதியானாள். அங்கே எனக்குச் சாம்பல் நிற நிழலுருவமே வாய்த்தது. அவ்விடத்தில் இருந்த பெரும்பாலோர்க்கும் அதே உருவந்தான். ஓர் இரவு இரண்டு மணிக்கு, மருந்தின் அளவைப் பற்றி நான் கேட்ட கேள்விக்கு, யாரென்று அறியாத ஒரு நிழல், "விடியும்வரை காத்திராதீர்கள், மருத்துவரை இப்போதே அழையுங்கள்" என்று விடை எழுதியது.