ஹை அவுட்புட் பிக்கப்பும் அப்பாவின் டெஸ்டரும்

ஆபீஸ்ல ஆணி அதிகம். அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. இந்தப் பதிவு கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும், ஹெவி மெட்டல்னாலே காதைப் பொத்துற அன்பர்கள் நடுவுல வர்ற பாராக்களை தாண்டிடலாம். அப்பா வர்ற இடத்தை மட்டும் படிச்சிட்டுப் போங்க.

காலேஜ் செகண்ட் இயர்ல வாங்கின எலக்ட்ரிக் கிட்டார் இன்னும் என்கிட்ட இருக்கு. ஆரம்பநிலை மாடல்தான். இந்த வருஷம் போனஸ் வந்ததும் அதுக்கு ஒரு ஹை அவுட்புட் பிக்கப் மாட்டியே தீருவதுன்னு முடிவு பண்ணேன். காரணம் சிம்பிள். டிஸ்டார்ஷனைத் திருப்பினா ரிஃப்பை விட இரைச்சல்தான் முன்னாடி வந்து நிக்குது. பிக்கப் வீக், அதனாலதான் சிக்னல் இரைச்சல்ல முங்குதுன்னு நானே தீர்ப்பு எழுதிட்டேன்.

லிஸ்ட்ல மூணு பேர். டிமார்ஸியோ சூப்பர் டிஸ்டார்ஷன், சீமோர் டங்கன் ஜேபி, இஎம்ஜி 81. முதல் ரெண்டும் பேசிவ். இஎம்ஜி ஆக்டிவ்: உள்ளேயே குட்டி ப்ரீஆம்ப், 9 வோல்ட் பேட்டரி. மெட்டாலிகா ஆளுங்க கிட்டார்ல வருஷக்கணக்கா இருக்கறது. இரைச்சல் கம்மின்னு பேர் வாங்கினது, அதனால மனசு அந்தப் பக்கமே சாஞ்சிது. பேட்டரிக்கு இடம் பண்ணணும், வால்யூம் பாட்டையும் 500கே-ல இருந்து 25கே-க்கு மாத்தணும். பரவாயில்லைன்னு இருந்தேன்.

இந்த நிலைமையில சித்திரை லீவுக்கு ஊருக்குப் போனேன். ஊர் ஜமுனாமரத்தூர், ஜவ்வாது மலை மேல. கிட்டாரும் சின்ன ஆம்ப்பும் கூடவே வந்தாச்சு. எங்கப்பா லைன்மேனா இருந்து ரிடயர் ஆனவர். மலையில எந்தக் கம்பம் எந்த வளைவுல நிக்குதுன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவார். என் கிட்டார் மட்டும் அவருக்கு ஆகாது. "இன்ஜினியரிங் படிக்க வெச்சது இதுக்காடா?" என்பது பத்து வருஷத்து டயலாக்.

சாயங்காலம் திண்ணையில வெறுங்காலோட உக்காந்து வாசிச்சேன். சென்னையை விட இங்க இரைச்சல் டபுள். ஒரு தடவை தந்தியைத் தொட்டதும் கையில சுருக்குன்னுச்சு. உதறிட்டு மறுபடி வாசிக்கப் போனேன். அப்பா பார்த்துட்டார்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லப்பா, லேசா ஷாக்."

அவர் ஒண்ணும் பேசல. உள்ள போய் டெஸ்டரை எடுத்துட்டு வந்து கிட்டார் தந்தி மேல வெச்சார். விளக்கு எரிஞ்சுது. கிட்டார் தந்தியில!

ஸ்விட்சை அணைச்சு பிளக்கைப் பிடுங்கினார். என் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திறந்து காட்டினார். மேல மூணு ஓட்டை, உள்ள வர்ற வயர் ரெண்டு. எர்த்தே இல்லை. கிட்டார் தந்தி பிரிட்ஜ் வழியா ஆம்ப்போட உடம்புக்குத்தான் போகுது. அந்த உடம்புக்கு எர்த் இல்லேன்னா, எர்த் நான்தான்.

"இதே மாதிரி வயர்ல ரெண்டு பேரைத் தூக்கியிருக்கேன்டா" என்றார். குரல் நடுங்கிச்சு. அவருக்குக் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை.

அன்னைக்கு ராத்திரியே மூணு கோர் வயர் போட்டுத் தந்தார். காலையில கொல்லைப்பக்கம் எர்த் பைப்பைப் பார்க்கப் போனார். கோடையில குழி காஞ்சு கிடந்துச்சு. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல ஒரு 100 வாட் பல்பைப் போட்டார், அழுதுகிட்டே எரிஞ்சுது. உப்பும் கரியும் போட்டு நாலு குடம் தண்ணி ஊத்தினதும் பளிச். (இந்த பல்பு வேலை லைன்மேனுக்கு மட்டும். வீட்ல யாரும் முயற்சி பண்ணாதீங்க, ப்ளீஸ்.)

திரும்ப ஆம்ப்பைப் போட்டேன். இரைச்சல் முக்கால்வாசி காணோம். அதே பழைய பிக்கப்.

இப்ப டெக்னிக்கல். ஹம்பக்கர்ல ரெண்டு காயில், எதிரெதிர் காந்தம், எதிரெதிர் சுத்து. தந்தியோட சத்தம் கூடும், வெளியில இருந்து காந்தப்புலமா வர்ற 50 ஹெர்ட்ஸ் ஹம் கழிஞ்சிடும். 1955-ல கிப்சன்ல சேத் லவர் பண்ண வேலை இது. ஆனா மின்புலமா ஒட்டிக்கற 'ஜ்ஜ்ஜ்' இந்தக் கழித்தல்ல போகாது. அதுக்கு எர்த்தும் ஷீல்டிங்கும்தான் வேணும். இது ரெண்டும் இல்லாம ஹை அவுட்புட் மாட்டியிருந்தா ரிஃப்போட சேர்த்து அந்த ஜ்ஜ்ஜும் பெருசாகியிருக்கும்.

ஸ்கூல் டூர்ல காவலூர் கூட்டிட்டுப் போனாங்க, இதே மலைதான். அங்க 1 மீட்டர் தொலைநோக்கி 1972-லயே வந்துடுச்சு, 2.34 மீட்டர் 1986-ல. இவ்ளோ பெரிய கண்ணாடியை ஏன் காட்டுக்குள்ள வெச்சாங்கன்னு அப்ப புரியல. இருட்டு இல்லாத இடத்துல எவ்வளவு பெரிய கண்ணாடி வெச்சாலும் ஊர் வெளிச்சத்தையும் சேர்த்துத்தான் அள்ளும். முதல்ல இருட்டைத் தேடினாங்க.

சூப்பர் டிஸ்டார்ஷனும் 1972 சரக்குதான். அப்போதைய ஆம்ப்கள்ல கெயின் கம்மி, பிக்கப்தான் தள்ளணும். இன்னைக்கு என் குட்டி ஆம்ப்லயே கெயின் கொட்டிக் கிடக்கு. அதனால அவுட்புட் எவ்வளவுங்கறதை விட, சவுண்டோட குணம் என்னங்கறதுதான் கேள்வி. சுத்து கூடக் கூட இண்டக்டன்ஸ் ஏறும், ட்ரெபிள் மங்கும். கிலோ ஓமைப் பார்த்தும் வாங்கக் கூடாது, கம்பி மெலிசானாலே ஓம் ஏறிடும். ஜேபி சுமார் 16, சூப்பர் டிஸ்டார்ஷன் சுமார் 13.7. இதை வெச்சு ஜேபிதான் பெரிய ரவுடின்னு சொல்லிட முடியாது.

இரைச்சல் போனதும்தான் என் கிட்டாரோட நிஜக் குறை கேட்டுச்சு: அடித்தந்தி சோகை, மேல கீச்சு. இரைச்சலுக்காக யோசிச்ச பேட்டரி கேஸ் தேவையில்லைன்னு ஆச்சு. மேல்மிட் தூக்கலான ஜேபி கீச்சுக்கு எண்ணெய் ஊத்தும். அடி தடிமனா இருக்கற சூப்பர் டிஸ்டார்ஷன் ஜெயிச்சுது.

அடுத்த தடவை ஊருக்குப் போனப்ப பிக்கப் பையில இருந்துச்சு. சால்டரிங் அப்பாதான் பண்ணார். சிவப்பு ஹாட், பச்சையும் வெறுங்கம்பியும் கிரவுண்ட், கருப்பும் வெள்ளையும் ஒண்ணா முறுக்கி டேப். பிரிட்ஜ்ல இருந்து வர்ற கம்பியை மட்டும் மூணு தடவை இழுத்துப் பார்த்தார்.

வாசிச்சேன். முழுசா ஒரு பாட்டு. கேட்டு முடிச்சிட்டு, "சத்தம் ஓவர். ஆனா லைன் சுத்தமா இருக்கு" என்றார்.

பத்து வருஷத்துல எனக்குக் கிடைச்ச முதல் விமர்சனம் மக்களே. வரட்டா.

டிஸ்கி: உங்க எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இன்னைக்கே ஒரு எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டுங்க. கிட்டார் இல்லாதவங்களும்தான்.