பிரெஞ்சுக் கடையில் அம்மா

பாரிஸ் நகரத்தில் சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு 'பிஸ்த்ரோ' என்று பெயர். 1814-ல் பாரிசுக்குள் நுழைந்த ரஷ்யச் சிப்பாய்கள், "சீக்கிரம், சீக்கிரம்" என்று தங்கள் பாஷையில் அதட்டியதால் வந்த பெயர் அது என்று ஒரு கதை உண்டு. அந்தச் சொல் எழுத்தில் வருவதே அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் என்பதால் மொழி அறிஞர்கள் இதை நம்புவதில்லை. பெயர் எப்படி வந்தால் என்ன? நம் ஊர் ஒட்டுக்கடைக்கு நாலு சுவரும் மேசை விரிப்பும் வைத்தால் எப்படியோ அப்படி. வீட்டுச் சமையல், கரும்பலகையில் எழுதிய சில பதார்த்தங்கள், அவ்வளவுதான்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் என் மகள். கோலாலம்பூரில் வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கியதும், "பாட்டியைக் கூட்டிக்கிட்டு ஈப்போ பழைய டவுன்ல ஒரு பிரெஞ்சுக் கடைக்குப் போவோம்மா" என்றாள். எனக்குத் தயக்கமாக இருந்தது. அம்மாவுக்கு 79 வயது. மாட்டிறைச்சி தொடமாட்டார். அதோடு ஈப்போவுக்குப் போனால் லகாட் ரோட்டில் வாழை இலைச் சாப்பாடு, வெற்றிலை பாக்கு, பிறகு பஸ் என்றே பழகியவர்கள் நாங்கள்.

தயக்கத்திற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈப்போ பாடாங்குக்கு எதிரே எஃப்.எம்.எஸ். பார் என்ற பழைய கடை இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். 1906-ல் ஹைனான் சீனர் ஒருவர் ஆரம்பித்தது. தோட்டத் துரைமாரும் ஈயச் சுரங்க முதலாளிகளும் வந்து உட்கார்ந்த இடம். ஹைனான்காரர்கள் மற்றச் சீனர்களுக்குப் பிந்தி இந்த நாட்டுக்கு வந்ததால், நல்ல தொழில்களெல்லாம் மற்றவர் கையில் இருந்தன. அதனால் வெள்ளைக்காரர் வீடுகளில் சமையலுக்குப் போனார்கள். அங்கே கற்றதை வைத்துக் கடை போட்டார்கள். இன்று நாம் காப்பிக் கடையில் சாப்பிடும் சிக்கன் சாப் அப்படி வந்ததுதான். எங்கள் அப்பா அந்தப் பாடாங் பக்கம் எத்தனையோ முறை சைக்கிளில் போயிருக்கிறார். உள்ளே போனதில்லை. யாரும் தடுக்கவில்லை, கால்தான் போகவில்லை.

அம்மா விஷயம் வேறு. 1966 முதல் ஒன்பது வருடம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில், துரை பங்களாவில் வேலை பார்த்தவர். மேசை போடுவார், தட்டுக் கழுவுவார், துணி தேய்ப்பார். சமையல் ஹைனான் சீனர். சனிக்கிழமை விருந்து என்றால் அம்மாதான் வெங்காயம் உரிக்க வேண்டும், ஒரு கூடை நிறைய. மிஞ்சிய சாப்பாடு நாய்களுக்குப் போகும். இவர் வீட்டிலிருந்து கொண்டுபோன சோற்றையும் கருவாட்டையும் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து சாப்பிடுவார். இந்த விவரம் அந்தக் கடையில் உட்காரும்வரை எனக்குத் தெரியாது. கேட்டதுமில்லை, அவராகச் சொன்னதுமில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி 1954 வரை அவர்கள் கையில் இருந்தது. ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரை சிலாங்கூரில் ரப்பர் நட்டார். 1917-ல் தென்னமாரத்தில் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டவரும் அவரே. இங்குள்ள வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய 'மலேசி' நாவலுக்கு 1930-ல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. அவர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் நம்மவர்கள்.

கடையில் முதலில் வெங்காய சூப் சொன்னோம். வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, வெண்ணெயில் சிறு தீயில் முக்கால் மணி நேரம் வதக்கிப் பழுப்பாக்கி, எலும்புச் சாறு ஊற்றிக் கொதிக்கவிட்டு, மேலே ரொட்டித் துண்டும் சீஸும் வைத்துச் சுடுவார்கள். பாரிசில் 'லே ஆல்' என்ற பெரிய சந்தை இருந்தது, 1969-ல் ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள். அங்கே மூட்டை தூக்கியவர்கள் விடியுமுன் குடித்த சூப் இது. பெரட்டுக்குப் போகுமுன் நம்மவர்கள் பசியாறியது போலத்தான்.

ஒன்று கவனியுங்கள். இந்த சூப்புக்குப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறுதான் ஊற்றுவார்கள். பிரெஞ்சுச் சமையலில் பன்றிக் கொழுப்பும் திராட்சை மதுவும் சொல்லாமலே சேரும். கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும். நாங்கள் கேட்டோம். கோழிச் சாறுதான் என்றான் பையன்.

அம்மா உட்கார்ந்ததுமே மேசையைப் பார்த்தார். பேரன் பக்கம் கரண்டி இடம் மாறியிருந்தது. எடுத்துச் சரியாக வைத்தார். துணியை மடித்து மடியில் போடச் சொல்லிக் கொடுத்தார். எங்களில் யாருக்கும் தெரியாத ஒழுங்கெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் சூப் வந்த பிறகு அவர் தொடவே இல்லை.

"சாப்பிடுங்க பாட்டி, ஆறிடும்."

"நீங்க சாப்பிடுங்க. நான் அப்புறம்."

"அப்புறம்னா எப்ப? நாம எல்லாரும்தானே சாப்பிட வந்தோம்."

கொஞ்ச நேரம் கழித்துக் கரண்டியை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். "இதுதானா!" என்றார். "இந்த வாசனை எனக்குத் தெரியும். ருசி இன்னைக்குத்தான் தெரியுது." அதற்குப் பிறகுதான் பின்கட்டுப் படியையும் நாய்களையும் பற்றிச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. பேத்திதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்து மதுவில் வேகவைத்த கோழி இருந்தது. நாங்கள் வேண்டாமென்று வறுத்த கோழி வாங்கினோம். முற்றிய சேவலின் முரட்டு இறைச்சி இளகுவதற்காகவே அந்தப் பழைய முறை வந்தது என்று மகள் விளக்கியதும் அம்மா சிரித்தார். "கெழட்டுச் சேவலுக்கு எல்லா ஊர்லயும் அதே பாடுதான்."

பையன் தட்டுகளை எடுக்க வந்தபோது, அம்மா அவற்றை அளவு பார்த்து அடுக்கி, கரண்டிகளை மேலே வைத்துத் தயாராக எழுந்து நின்றுவிட்டார். மகளுக்குச் சங்கடம். "பாட்டி, உட்காருங்க. அது அவர் வேலை."

"அவனுக்கும் ரெண்டு கைதானே" என்று சொல்லித்தான் உட்கார்ந்தார்.

ஐந்து பேருக்கு 240 வெள்ளி ஆனது. 2025-ல் சட்டம் வைத்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்பதை நினைத்தால் இது அடிக்கடி செய்கிற காரியமில்லை. வாழை இலைச் சாப்பாட்டில் வயிறு நிறைவது போல நிறையவுமில்லை. பேரன் வீட்டுக்கு வந்து மீகூன் கேட்டான்.

பங்களாவில் அம்மாவோடு துணி துவைத்த அத்தை ஒருவர் இப்போது புந்தோங்கில் மகன் வீட்டில் இருக்கிறார். தீபாவளி கழிந்ததும் அவரையும் அங்கே அழைத்துப் போக வேண்டுமாம். சூப் மட்டும் போதும் என்கிறார் அம்மா. பணம் தான் தருவதாகவும் சொல்கிறார்.