கணிதத்தில் மீளும் வழி

கணித பாடத்தில் மாணவர் மிக எளிதில் ஏற்றுக்கொள்வனவும், மிகக் குறைவாக ஆராய்வனவும் நேர்மாறுகளே எனலாம். கூட்டியதைக் கழித்தல் நீக்கும். பெருக்கியதை வகுத்தல் நீக்கும். இவ்வளவே என்றெண்ணி அப்பாற் சென்றுவிடுகின்றனர். வகுப்பறையிற் பல்லாண்டு நின்ற நாம் அவ்விடத்திற் சற்றுத் தங்கிப் பார்க்க விழைகின்றோம்.

இம்முறை மிகப் பழையது. 499 ஆம் ஆண்டளவில் இயற்றப்பட்ட ஆரியபட்டீயத்திலே, முடிவிலிருந்து தொடக்கத்தை அறியும் வழி கூறப்பட்டுள்ளது. ஓர் எண்ணை மூன்றாற் பெருக்கி, நான்கு கூட்டி, வர்க்கமூலங் காண 5 வந்ததெனின், அவ்வெண் யாது? ஐந்தை வர்க்கித்தால் 25. நான்கு கழிக்க 21. மூன்றால் வகுக்க 7. செயல்கள் மாறுவதோடு அவற்றின் ஒழுங்கும் தலைகீழாதல் காண்க. சட்டையணிந்து அதன்மேற் சால்வை இட்டவர், முதலிற் சால்வையையன்றோ எடுத்தல் வேண்டும்? உயர்தர வகுப்பினர் இரு தாயங்களின் பெருக்கத்துக்கு நேர்மாறு காணும்போது மனனஞ் செய்யும் விதியும் இதுவே.

எனினும் எல்லாச் செயலுக்கும் மீளும் வழி உண்டோ? ஒருமுறை கீழ்வகுப்பு மாணவனொருவன், "ஐயா, பூச்சியத்தால் ஏன் வகுக்கக்கூடாது?" என்று எழுந்து கேட்டான். கூடாதென்பது சட்டம் எனக் கூறி அவனை இருத்திவிடல் எளிது. ஆனால் சட்டம் என்பது காரணமாகாது. மறுநாட் பாடவேளை முழுவதையும் அவன் வினாவுக்கே ஒதுக்கினோம். ஐந்தைப் பூச்சியத்தாற் பெருக்கினும் பூச்சியம். ஏழைப் பெருக்கினும் பூச்சியம். வந்து சேர்ந்த பூச்சியத்தைப் பார்த்து, நீ ஐந்திலிருந்து வந்தாயா, ஏழிலிருந்து வந்தாயா என வினவினால் அதனிடம் விடையில்லை. புறப்பட்ட இடத்தின் அடையாளமே அழிந்துவிட்டது. பேரறிஞருக்கும் வழுக்கிய இடம் இது: பிரமகுப்தர் 628 இல், பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தாற் பூச்சியம் என்றே எழுதினார், இன்றைய கணிதம் அதனை ஏற்பதில்லை. வர்க்கித்தலிலும் இத்தகைய இழப்பு உண்டு. மூன்றும் மறை மூன்றும் ஒன்பதையே தருவன. மறையெண்களை விலக்கி நிற்போம் என உடன்பட்ட பின்னரே திரும்பும் வழி ஒன்றாகின்றது. வெவ்வேறிடத்திற் புறப்பட்டவை வெவ்வேறிடத்தைச் சேர்ந்தாலன்றி நேர்மாறு இல்லை என்பதே இதன் பொருள்.

பயன் யாதெனக் கேட்போருக்கு மடக்கை அட்டவணையை நினைவூட்டுவோம். நேப்பியர் 1614 இல் வெளியிட்ட மடக்கை, பெருக்கலைக் கூட்டலாக்கியது. ஆயினும் கூட்டியபின் எண்ணுக்கு மீளும் வழி இல்லாதிருப்பின் அதனால் யாருக்கு என்ன பயன்? கணிப்பான் வந்து அவ்வட்டவணையை அகற்றிவிட்டது. அதன் தாள்களைப் புரட்டித் தேய்ந்த விரல்கள் எம்முட் பலருக்கு இன்னும் உண்டு.

இனி, வழி உண்டென்பது வேறு. அவ்வழி எளிதென்பது வேறு. 97 ஐ 83 ஆற் பெருக்கி 8051 எனக் காண ஒரு நிமிடம் போதும். 8051 ஐ மட்டுந் தந்து காரணிகளைக் கேட்டால், முதன்மை எண்களை வரிசையாக இட்டுப் பார்ப்பவன் இருபத்திரண்டு முறை தோற்ற பின்னரே 83 ஐ அடைவான். ஜெவன்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1874 இல், 8616460799 என்பதன் காரணிகளைத் தம்மையன்றி வேறெவரும் அறிதல் அரிது என்று கருதினார். சில பத்தாண்டுகளுள் அவை வெளிப்பட்டன: 89681, 96079.

ஜெவன்ஸின் எண் உடைந்தது. அவர் கண்ட இடர்ப்பாடு நிலைத்தது. 1977 இல் ரிவெஸ்ட், ஷமிர், அடில்மன் என்னும் மூவர் அதனையே பூட்டாக்கினர். பெருக்கத்தை அறிந்த எவரும் செய்தியைப் பூட்டலாம். காரணிகளை அறிந்தவரே திறக்கலாம். அவ்வாண்டிலேயே 129 இலக்கங் கொண்ட எண்ணொன்று உலகுக்குச் சவாலாக விடப்பட்டது. 1994 இல், அறுநூறு தன்னார்வலர் வரையிற் பல மாதம் தம் கணினிகளை இயக்கியே அதனைப் பிரித்தனர். அதனினும் மிக நீண்ட எண்களைக் கொண்டு இம்முறை இன்றும் கையாளப்படுகின்றது.

இதில் எம்மை வியக்கவைப்பது ஒன்றுண்டு. பெருக்கத்திலிருந்து காரணிகளுக்கு மீளுதல் உண்மையிற் கடினமானதே என எவரும் இதுவரை நிறுவவில்லை. சாதாரணக் கணினிக்கேற்ற விரைவான வழியை எவரும் வெளியிட்டதுமில்லை.