பஞ்சாரம் கவிழ்க்கும் நேரம்

சுருளிப்பட்டிக்கு வருகிறவர்கள் அருவியில் குளிப்பார்கள். திரும்பும்போது பன்னீர் திராட்சை வாங்குவார்கள். நான் கோழிக்குஞ்சு பார்க்கப் போனேன். மகளுக்காகத் தெருவில் வாங்கிய நான்கு கலர் குஞ்சுகளில் மூன்று ஒரே வாரத்தில் செத்திருந்தன. செருப்பு வந்த அட்டைப்பெட்டியில் துணி விரித்தால் போதும் என்று நினைத்த புத்திசாலி நான்தான்.

கதையைக் கேட்டதும், அங்கே கோழி வளர்க்கும் ஒரு பெரியம்மா சிரித்துவிட்டார். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. வீட்டுக்குப் பின்னால் நான்கு தாய்க்கோழிகள், முப்பது சொச்சம் குஞ்சுகள். "அதுகளுக்குத் தாய் ஏது தம்பி? குளுர்லயே செத்திருக்கும்" என்றார்.

உண்மைதான். முட்டைக்கோழி இனத்தில் பொரியும் சேவல் குஞ்சு முட்டையிடாது, சீக்கிரம் கறியும் வைக்காது. பொரிப்பகத்துக்கு வேண்டாத அதற்குத்தான் பச்சையும் சிவப்பும் பூசித் தெருவுக்கு அனுப்புகிறார்கள். முதல் வாரக் குஞ்சுக்கு ஏறக்குறைய 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். தாயின் இறக்கைக்குள் அது தானாகக் கிடைக்கும். தாயில்லாவிட்டால் குண்டு பல்பு. பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது. விலகிப்போய் வாயைத் திறந்து இரைத்தால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி. தெர்மாமீட்டரே வேண்டியதில்லை.

பெரியம்மாவின் வித்தையைக் கோழி அடையும் நேரத்தில்தான் பார்க்க முடியும். ஒவ்வொரு குஞ்சாக எடுத்து, கழுத்துக்குக் கீழே இரைப்பையை இரண்டு விரலால் தொடுகிறார். நிறைந்திருந்தால் நன்றாக மேய்ந்திருக்கிறது. திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறார். எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றி இளக்கி எடுக்கிறார். பிய்த்தால் தோலும் சேர்ந்து வந்துவிடும். ஒரு குஞ்சுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பேச்சும் நிற்கவில்லை. பேரன் படிப்பு, பந்தலுக்கு மருந்தடிக்கும் நாளில் கோழியை வெளியே விடாதது என்று ஓடிக்கொண்டே இருந்தது.

ஒன்றில் மட்டும் கை நின்றது. இறக்கை தொங்கி, மயிர் சிலிர்த்து, கண் செருகியிருந்தது. "நல்ல குஞ்சு தாய்க்கு அடியில போயித் தூங்கும். தனியா நின்னு தூங்குனா சீக்கு." அதைத் தனிக் கூடையில் விட்டு, எச்சம் பார்க்கக் காகிதம் விரித்தார். ரத்தம் கலந்திருந்தால் ரத்தக் கழிச்சல். சாரல் மாதத்தில் தரை ஈரமாகும்போது வருவது. தண்ணீரில் கலந்து கொடுக்க மருந்து உண்டு. பச்சையும் வெள்ளையுமாகப் போனால்தான் வயிற்றில் புளி கரைக்கும்.

அது வெள்ளைக் கழிச்சல். குமாவுன் மலையிலுள்ள ராணிகேத் ஊரின் பெயரைப் புத்தகங்களில் சுமக்கும் அந்த நோய் வந்தபின் மருந்தில்லை. வளர்ந்த கோழிகளுக்குப் பிப்ரவரியில் கால்நடைத் துறை இரண்டு வாரம் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. குஞ்சுக்கு ஏழாம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. ஆனால் குப்பியில் இருப்பது நூறு கோழிக்கான மருந்து. கலக்கிவிட்டால் சீக்கிரம் வீரியம் போய்விடும். பத்துக் குஞ்சுக்காரர் என்ன செய்வார்?

"தெருவுல அஞ்சாறு பேரு ஒண்ணாவே அடை வச்சிருவோம்" என்றார் பெரியம்மா. இருபத்தோரு நாளில் எல்லா வீட்டிலும் குஞ்சு பொரியும். ஒரே குப்பி தெருவுக்கே போதும். எந்தக் கையேட்டிலும் நான் படிக்காத யோசனை. அவருக்குத் தீராத ஒரு கோபமும் உண்டு: சீக்கு வந்த கோழியை அவசரமாகக் கறிக்கு விற்பவர்கள்மேல். நோய் அடுத்த ஊருக்குப் போவதே அப்படித்தான் என்கிறார். செத்ததை இவர் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கிறார்.

மறுநாள் விடியலில், கோழிகளை மூடிய பஞ்சாரக் கூடையைத் திறக்கும் முன்பே, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் தடுப்பு மருந்தோடு ஓர் இளைஞர் வந்தார். கண்ணில் சொட்டு விழுந்து, குஞ்சு இமையை மூடித் திறக்கும்வரை கையில் வைத்திருந்தே கீழே விட்டார். தனிக் கூடைப் பக்கம் திரும்பியவரைப் பெரியம்மா நிறுத்தினார்.

"அதுக்கு வேணாம்ப்பா. நல்லாருக்கறதுக்குத்தான் விடணும்."

காகிதத்தில் எச்சம் கெட்டியாக, பழுப்பாக இருந்தது. கொஞ்சம் குருணையைத் தூவினார். குஞ்சு இரண்டு தடவை கொத்திவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.