கணப்பு

தலைநகருக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்குக் கண்ட முதற் குளிர்காலத்தை எளிதில் மறப்பதில்லை. 2004 ஆம் ஆண்டு மார்கழியில், இளங்கலைப் பட்டமும் எழுத்தர் வேலைக்கான ஆணையும் கைப்பெட்டியுமாக நாம் தில்லி நிலையத்தில் வந்திறங்கினோம். தெருமுனைதோறும் மனிதர் வட்டமாக அமர்ந்து, சருகும் சுள்ளியும் எரித்துக் குளிர்காய்ந்து கொண்டிருந்தனர். ஊரில் போகியன்று விடியலில் மூட்டும் நெருப்பு நினைவுக்கு வந்தது. அறிமுகமில்லாத ஊரில் அந்தப் புகை ஒன்றே நமக்கு உறவுபோல் இருந்தது.

அந்தப் புகை நம் வீட்டுக்குப் பகையாக மாறியது பல ஆண்டுகளுக்குப் பின்னர்.

தெற்குத் தில்லியில் ஓர் அரசுக் குடியிருப்பில் முதல் மாடி நமக்கு ஒதுக்கப்பட்டது. சன்னலுக்கு நேர்கீழே காவலரின் குடில். அதனை ஒட்டிப் பின்சந்து. நம் மகளுக்கு அப்பொழுது ஏழு வயது. ஐப்பசி பிறந்தால் அவள் மார்பில் சீழ்க்கை ஒலி தொடங்கிவிடும். இரவு இரண்டு மணிக்கு அவளை மடியில் இருத்தி நெபுலைசர் முகமூடியைப் பிடித்துக்கொண்டிருப்பது நம் இல்லத்தாரின் வழக்கமாயிற்று. மருத்துவர் ஒருநாள், “வீட்டருகே யாரேனும் எதையேனும் எரிக்கிறார்களா?” என்று கேட்டார். அன்றுதான் நாம் சன்னல் வழியே கீழே பார்த்தோம்.

எரிந்தவை மூன்று. காவலர் இரவில் மூட்டும் கணப்பு ஒன்று. மாசி, பங்குனியில் வேம்பும் அரசும் உதிர்க்கும் இலைகளைக் கூட்டுபவர் குவித்துக் கொளுத்துவது இரண்டு. பழைய பொருள் வாங்கும் கபாடிக்காரர், செம்புக் கம்பிக்காக மின்கம்பிகளின் மேலுறையைச் சந்தில் எரிப்பது மூன்று. இம்மூன்றாவது கொடியது. அவ்வுறை பி.வி.சி. எனும் பிளாஸ்டிக்கால் ஆனது. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வெளிப்படும், டையாக்சின் என்னும் நெடுநாள் நஞ்சும் தோன்றும்.

தில்லியின் மாசுக்கு வண்டிகளும் ஆலைகளும் புழுதியும் அண்டை மாநில வயல்களின் வைக்கோல் தீயும் காரணம் என்பதை யாவரும் அறிவர். ஆயினும் குளிர்கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துத் தங்க, அதன்மேல் வெம்மையான காற்று மூடிபோல் அமர்ந்துவிடுகிறது. கீழெழுந்த புகை மேலே செல்ல வழியின்றி மூக்கின் உயரத்திலேயே சுற்றுகிறது. இரண்டரை மைக்ரான் அளவினும் சிறிய துகள், ஒரு கனமீட்டர் காற்றில், ஒரு நாளின் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கு மிகலாகாது என 2009 இல் நம் நாடு வரையறுத்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 2021 இல் 15 போதும் என்றது. தில்லியின் மார்கழிக் காற்று இவ்விரண்டையும் பன்மடங்கு தாண்டுவது வழக்கம். அந்நிலையில் சன்னலுக்குக் கீழே எரியும் ஒருபிடிச் சருகும் சிறிதன்று.

மனு எழுதுவது நம் தொழில். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 இல் தலைநகர் வட்டாரத்தில் குப்பையையும் இலையையும் வெளியில் எரிப்பதைத் தடைசெய்து, மீறினால் 5,000 ரூபாய் தண்டம் என்று விதித்திருந்தது. அதனை மேற்கோள் காட்டி, பத்தி பத்தியாக எண்ணிட்டு, மூன்று அலுவலகங்களுக்கு நகல் அனுப்பினோம். நல்ல மனு என்று நம்மையே மெச்சிக்கொண்டோம்.

மனு வேலை செய்தது. ஒப்பந்தக்காரர் வந்து, கூட்டுபவருக்கும் காவலருக்கும் கூலியைப் பிடித்தார். வெளியே கணப்பு நின்றது. நான்காம் நாள் விடியலில் பால்காரர் கூக்குரலிட்டார். வெளியே நெருப்பு மூட்ட அஞ்சிய காவலர், கரி அடுப்பைக் குடிலுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார். அடைத்த அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு பெருகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் வடநாட்டில் பலர் உறக்கத்திலேயே அதற்கு இரையாகின்றனர். நல்வேளையாகக் கதவின் கீழ் இடுக்கு இருந்தது. வெளியே தூக்கிக் கிடத்தியதும் அவர் கண்விழித்தார். நம்மைக் கண்டு, “மன்னியுங்கள் பாபுஜி, வெளியே எரிக்கவில்லை” என்றார்.

அன்று மாலை நம் இல்லத்தரசி கூறியது ஒரே சொற்றொடர்: “எரிக்கக் கூடாது என்று எழுதினீர்களே, இரவை அவர் எப்படிக் கழிப்பார் என்று எழுதவில்லையே!”

அடுத்த ஞாயிறு குடியிருப்பின் புல்தரையில் கூடினோம். எதிர்வீட்டு வங்காளப் பெரியவர், கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மையார், மருத்துவமனைச் செவிலியான மலையாளச் சகோதரி முதலியோர் வந்தனர். காவலரும் கூட்டுபவரும் கபாடிக்காரரும் அழைக்கப்பட்டனர். அவர்களுக்கு நம் குடியிருப்பில் நாற்காலி போட்டது அதுவே முதன்முறை. நாம் முதலில் மன்னிப்புக் கேட்டோம். பின்னர் வாய்மூடிக் கேட்டோம்.

கூட்டுபவர், இலையை எடுத்துச்செல்ல வண்டி வருவதில்லை, குவியல் கிடந்தால் ஏச்சு தமக்கே என்றார். கபாடிக்காரர், கம்பியுறையைக் கத்தியால் சீவினால் எரிக்காத செம்புக்கு விலை கூடுதலே. ஆயின் நேரம் மிகும், அமர்ந்து சீவ இடமுமில்லை என்றார். காவலர் ஒன்றும் கேட்கவில்லை. பஞ்சாபி அம்மையார்தாம் அவருக்காகக் கேட்டார்.

குடிலுக்கு எண்ணெய் நிரப்பிய மின்கணப்பு ஒன்று வாங்கப் பணம் திரட்டினோம். தலைநகர் வட்டாரத்துக்கென 2017 இல் அறிவிக்கப்பட்டுப் பின்னர்த் திருத்தப்பட்ட படிநிலைச் செயல்திட்டமும், குடியிருப்போர் சங்கங்கள் காவலர்க்கும் துப்புரவாளர்க்கும் மின்கணப்பு அளிக்க வேண்டும் என்கிறது. குடிலுக்கு மின்னிணைப்புப் பெற இரண்டு திங்கள் கோப்பின் பின்னே அலைந்தோம். எழுத்தர் தொழில் அப்பொழுதுதான் பயன்பட்டது.

இலைகளுக்குக் கம்பிவலைத் தொட்டிகள் அமைத்தோம். முதலாண்டு தோற்றோம். யாரோ பால் உறைகளைப் போட்டார்கள். ஈரமின்றி இலை மக்காமலே கிடந்தது. மறுஆண்டு பசும்புல்லும் சாணக் கரைசலும் சேர்த்து, வாரந்தோறும் நீர் தெளித்துக் கிளறினார் கூட்டுபவர். ஆறு திங்களில் கரிய உரம் கிடைத்தது. அதனை வீடுகளுக்கு விற்ற பணம் அவருக்கே என்று முடிவாயிற்று. கபாடிக்காரருக்குப் படிக்கட்டின் கீழே ஒரு மூலையும், வீடுகளின் பழைய செய்தித்தாள் அனைத்தும் அவருக்கே என்ற வாக்குறுதியும் அளித்தோம். அவர் நம் சந்தில் எரிப்பதை விட்டார். வேறெங்கும் எரிப்பதில்லை என்று நம்மால் உறுதி கூற இயலாது.

பழைய பொருள் கடையை இழிவாகக் கருதுவோர்க்குக் கொடைக்கானலை நினைவூட்டலாம். வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு, 2001 மார்ச்சில், ஊருக்குள் ஒரு பழைய பொருள் கடையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஊர்மக்களும் முன்னாள் தொழிலாளரும் சூழலியல் அமைப்பினரும் ஒன்றுசேர்ந்து நின்றதனால் ஆலை மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளரைப் பற்றிய உடன்பாடு ஏற்பட 2016 வரை பொறுக்க வேண்டியிருந்தது. போபாலில் 1984 திசம்பர் 2 ஆம் நாள் இரவு நச்சுவாயு பரவியபோது, மதிலுக்கு அப்பால் என்ன செய்கிறார்கள் என்பது பக்கத்துக் குடிசையினர்க்குத் தெரியாது. அதன்பின் 1996 இல் வந்த விதிகள், அபாயமிக்க ஆலைகள் உள்ள இடங்களில் உள்ளூர் நெருக்கடிக் குழு அமைக்க வேண்டும் என்றன. அறியாத அண்டையாரைக் காக்கச் சட்டத்தால் மட்டும் இயலாது. சட்டத்தைக் கையில் வைத்திருப்பவர் அண்டையாரோடு அமர்ந்தும் பேச வேண்டும்.

தில்லியின் வானம் நம்மால் தூய்மையாகிவிடவில்லை. நெபுலைசர் இன்னும் அலமாரியில் இருக்கிறது. சன்னலுக்குக் கீழிருந்து வரும் புகைக்காக மட்டும் அதனை இப்பொழுது எடுப்பதில்லை. வளர்ந்துவிட்ட மகள், மாடித்தொட்டியின் கறிவேப்பிலைச் செடிக்குக் கூட்டுபவரிடம் உரம் வாங்கி வருகிறாள். “சாச்சா, இந்த முறை ஈரம் அதிகம்” என்று குறையும் சொல்கிறாள்.

குளிர்கால இரவுகளில் சன்னலைச் சாத்துமுன் நாம் கீழே பார்ப்பதுண்டு. குடிலில் சிறிய சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்போம். எரியாவிட்டால், மனு எழுதுவதில்லை. இறங்கிச் சென்று கேட்கிறோம்.