குறட்டை அல்ல, மூச்சுத் திணறல்

இராஜாக்கமங்கலத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு குடும்பம், சென்னையில் வேலை பார்க்கும் மகன் விட்டுச்சென்ற பக் நாயை வளர்க்கிறது. 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் வந்து பிரபலமான அதே சப்பை மூக்கு இனம். அது குறட்டை விட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆச்சி மட்டும், "இது உறங்கல மக்களே, மூச்சுக்குக் கெடந்து பாடுபடுது" என்பார். சித்திரை வெயிலில் ஒருநாள் அது நாக்கு நீலம் பாரித்து விழுந்தபோதுதான் ஆச்சி சொன்னது உறைத்தது.

இந்த இனங்களில் முக எலும்பு குறுகிவிட்டது. உள்ளே இருக்கும் சதை குறையவில்லை. மூக்குத் துவாரம் கீறல்போல ஒடுங்கியிருக்கும். மேலண்ணத்தின் பின்பகுதி நீண்டு தொங்கி மூச்சுக்குழல் வாயை அடைக்கும். நாய் முக்கியமாக இரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. கடலோரப் புழுக்கத்தில் அதுவும் சரியாக நடக்காது.

கால்நடை மருத்துவர் அறுவை சிகிச்சை சொன்னார். "நாய்க்கு ஆபரேஷனா? அந்தக் காசுக்குத் தோப்புக்கு உரம் போடலாமே" என்றார் வீட்டுக்காரர். வலி தெரிவது அதற்கல்லவா என்றார் ஆச்சி. அதற்குமேல் பேச்சில்லை.

மூக்கோரச் சதையைச் சிறிது வெட்டித் துவாரத்தை அகலமாக்குவார்கள். நீண்ட அண்ணத்தைக் கத்தரித்துத் தைப்பார்கள். குரல்வளை தளர்ந்து போவதற்குள், இளவயதிலேயே செய்தால் பலன் அதிகம். மயக்க மருந்திலும், பிறகு தொண்டை வீங்குவதிலும் ஆபத்து உண்டு. அதனால் விழித்த பின்னும் மருத்துவர் கண்காணிப்பில் இருக்க வேண்டும். முதலில் அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் திருநெல்வேலி இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

அந்த நாய் இப்போதும் லேசாகக் குறட்டை விடுகிறது. ஆனால் உட்கார்ந்தபடியே தூங்குவது நின்றுவிட்டது. எடை கூடாமல் தீனியை அளந்து வைக்கிறார்கள். கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டை. நடை காலையிலும் மாலையிலும் மட்டும். வெயிலில் சுருண்டால் நிழலுக்குத் தூக்கி, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிவிட்டு, உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வாயில் தண்ணீர் புகட்டக்கூடாது.

2024-ல் வெளியான தமிழ்நாட்டின் நாய் இனப்பெருக்கக் கொள்கை, பக், பிரெஞ்ச் புல்டாக் போன்றவற்றை நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்றே பட்டியலிட்டது. வீட்டில் இருப்பதைக் கைவிட வேண்டாம், நன்றாகப் பாருங்கள். புதிதாகக் குட்டி தேடுபவர்கள் கன்னி, கோம்பை, சிப்பிப்பாறை, இராஜபாளையம் பக்கம் பாருங்கள். நம் வெயிலில் மூச்சுவிட அவற்றுக்கு யாரும் மூக்கை வெட்டித் தர வேண்டியதில்லை.